எரிசக்திச் சேவை நிறுவனங்களில் நேர்முகத் தேர்வு: விண்ணப்பதாரர்கள் எதிர்கொள்வதும் அறிந்திருக்க வேண்டியதும்

மின்சாரமும் எரிவாயுவும் வழங்கும் நிறுவனங்கள், மீற்றர் பொருத்தும் நிறுவனங்கள், கொதிகலன் பராமரிப்பு நிறுவனங்கள் ஆகியன இலண்டனிலும் அதைச் சூழ்ந்த பகுதிகளிலும் ஆண்டு முழுவதும் ஆட்களைச் சேர்க்கின்றன. இந்நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கும் தமிழர்களில் தாயகத்தில் மின்னியலாளராகவோ பொறியியலாளராகவோ பல ஆண்டுகள் பணியாற்றியவர்களும் உள்ளனர். பள்ளிப்படிப்பை இங்கேயே முடித்த இளைஞர்களும் உள்ளனர். கடைகளிலும் எரிபொருள் நிலையங்களிலும் இரவுப் பணி செய்துகொண்டு நிலையான வேலையொன்றைத் தேடுவோரும் உள்ளனர். தகுதி இருந்தும் நேர்முகத் தேர்வில் தவறிவிடுவது இவர்கள் பலருக்கும் பொதுவான அனுபவமாகும். தவறியதற்கான காரணம் பெரும்பாலும் தொழிலறிவின் குறைவன்று. தேர்வாளர் எதை எதிர்பார்க்கிறார் என்பது தெரியாமையே ஆகும்.

பெரிய எரிசக்திச் சேவை நிறுவனங்களின் நேர்முகத் தேர்வு எவ்வாறு நடைபெறுகிறது, விண்ணப்பதாரர்கள் எங்கே இடறுகிறார்கள், சட்டம் அவர்களுக்கு வழங்கும் பாதுகாப்பு யாது, இலவச உதவி எங்கே கிடைக்கும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

துறையின் அமைப்பை அறிந்துகொள்ளல்

"எங்கள் நிறுவனம் என்ன செய்கிறது என்று கூறுங்கள்" என்பது ஏறக்குறைய எல்லாத் தேர்வுகளிலும் முதலில் வரும் கேள்வி. "மின்சாரம் வழங்குகிறது" என்று மட்டும் கூறுபவர் தயாரிப்பின்றி வந்திருக்கிறார் என்றே தேர்வாளர் கொள்வார்.

பிரித்தானியாவில் வீட்டுக்கு மின்சாரம் விற்கும் நிறுவனமும் அந்த மின்சாரத்தைக் கொண்டுவரும் கம்பிகளின் உரிமையாளரும் வெவ்வேறானவர்கள். இலண்டனின் மின்விநியோக வலையமைப்பின் மிகப் பெரும் பகுதியை யூகே பவர் நெட்வொர்க்ஸ் நிறுவனம் நடத்துகிறது. எரிவாயுக் குழாய்களை வட இலண்டனில் கேடன்ட் நிறுவனமும் தென் இலண்டனில் எஸ்.ஜி.என். நிறுவனமும் பராமரிக்கின்றன. கட்டணப் பட்டியல் அனுப்பும் நிறுவனங்கள் வேறு. இவை அனைத்தையும் ஒழுங்குபடுத்தும் அரச அமைப்பு ஓஃப்ஜெம் ஆகும்.

வாடிக்கையாளர் சேவைப் பணிக்குச் செல்வோர் விலை உச்சவரம்பு பற்றியும் அறிந்திருக்க வேண்டும். 2019 சனவரியில் நடைமுறைக்கு வந்த இவ்வரம்பு ஓர் அலகு எரிசக்தியின் விலையையும் நாளாந்த நிலைக்கட்டணத்தையுமே கட்டுப்படுத்துகிறது. மொத்தக் கட்டணத்துக்கு அது எல்லை விதிப்பதில்லை. கூடுதலாகப் பயன்படுத்தும் குடும்பம் கூடுதலாகவே செலுத்தும். இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் கூறும் விண்ணப்பதாரர், வாடிக்கையாளருக்கும் அதைத் தெளிவாக எடுத்துரைப்பார் என்று தேர்வாளர் நம்புவார்.

தெரிவின் படிநிலைகள்

சிறு கடையொன்றில் உரிமையாளருடன் பத்து நிமிடம் பேசி வேலை பெற்றவருக்குப் பெரிய நிறுவனத்தின் தெரிவுமுறை நெடிதாகத் தோன்றும். வழமையான ஒழுங்கு பின்வருமாறு அமையும்: இணையவழி விண்ணப்பம், இணையவழிக் கணக்குத் தேர்வும் சூழ்நிலைத் தேர்வும், தொலைபேசி அல்லது பதிவுசெய்யப்படும் காணொளி நேர்காணல், இறுதியாக நேரடி நேர்காணல். பயிலுநர், பட்டதாரிப் பணியிடங்களுக்கு அரைநாள் அல்லது முழுநாள் நீடிக்கும் மதிப்பீட்டு நாளும் உண்டு. அன்று குழுப்பணி, பாத்திரமேற்று உரையாடல், செய்முறைத் தேர்வு, தேர்வாளர் குழுவுடன் நேர்காணல் ஆகியன அடுத்தடுத்து நடைபெறும்.

ஒவ்வொரு படியும் தனித்தனியாக மதிப்பெண் பெறுவது. எனவே ஒரு படியில் சிறப்பாகச் செய்தமை அடுத்த படியின் குறையை எப்போதும் ஈடுசெய்யாது. நேரடி நேர்காணலுக்கு மட்டும் தயாராகிவிட்டு, இணையவழித் தேர்வைக் கைப்பேசியில் பேருந்துப் பயணத்தின்போது அவசரமாகச் செய்து வாய்ப்பிழப்போர் பலர். அமைதியான இடமும் நிலையான இணைய இணைப்பும் வீட்டில் இல்லாதவர்கள் பொதுநூலகத்தின் கணினிகளைப் பயன்படுத்தலாம்.

கணக்குத் தேர்வு: ஒரு மாதிரி

கணக்குத் தேர்வில் உயர்கணிதம் கேட்கப்படுவதில்லை. கட்டணப் பட்டியலொன்றைப் பார்த்துக் கணக்கிடுவது போன்ற அன்றாடக் கணக்குகளே கேட்கப்படும். பயிற்சிக்காக எடுத்துக்கொண்ட எண்களுடன் ஒரு கேள்வி வருமாறு: மீற்றரின் முதல் வாசிப்பு 24,310, முப்பது நாள்களின் பின் வாசிப்பு 24,655. ஓர் அலகின் விலை 25 பென்ஸ். நிலைக்கட்டணம் நாளொன்றுக்கு 60 பென்ஸ். பெறுமதிசேர் வரி 5 சதவீதம். செலுத்த வேண்டிய தொகை யாது?

பயன்படுத்திய அலகுகள் 345. அவற்றின் விலை 86.25 பவுண். நிலைக்கட்டணம் 18 பவுண். இரண்டும் சேர்ந்து 104.25 பவுண். வரி 5.21 பவுண். ஆகவே மொத்தம் 109.46 பவுண். வீட்டுப் பாவனைக்கான எரிசக்திக்கு வரி 5 சதவீதமே என்பதும், நிலைக்கட்டணத்துக்கும் வரி உண்டு என்பதும் இதில் கவனிக்கப்பட வேண்டியவை. தம் வீட்டுக் கட்டணப் பட்டியலை எடுத்து இரண்டு மூன்று முறை இவ்வாறு கணக்கிட்டுப் பார்ப்பதே இத்தேர்வுக்குச் சிறந்த பயிற்சி.

பதிவுசெய்யப்படும் காணொளி நேர்காணல்

இவ்வகை நேர்காணலில் எதிரே ஆள் எவரும் இருப்பதில்லை. திரையில் கேள்வி எழுத்தில் தோன்றும். சிந்திக்கச் சிறிது நேரம் தரப்படும். பின்னர் குறித்த நிமிடங்களுக்குள் பதில் பதிவாகும். முகமொன்றைப் பார்க்காமல் பேசுவது பலருக்குக் கடினமாக இருக்கிறது. சிலர் எழுதிவைத்ததை வாசிக்கிறார்கள். கண்கள் ஒரே திசையில் நகர்வதால் அது உடனே தெரிந்துவிடும்.

கைப்பேசியின் ஒளிப்பதிவில் தம் பதிலை முன்கூட்டியே பதிந்து, அதைத் தாமே பார்ப்பது பெரிதும் உதவும். ஒளிப்பதிவுக் கருவி கண்மட்டத்தில் இருக்க வேண்டும். ஒளி முகத்தின் முன்னிருந்து வர வேண்டும். உச்சரிப்பைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. வேகமாகப் பேசுவதே புரியாமைக்கு முதற்காரணம். தொலைபேசியிலோ நேரிலோ கேள்வி விளங்காவிட்டால் மீண்டும் கேட்கும்படி சொல்வது குறையன்று. விளங்காத கேள்விக்கு ஊகித்துப் பதில் கூறுவதே மதிப்பெண்ணை இழக்கச் செய்யும்.

பாத்திரமேற்று உரையாடல்: பணிவைவிடப் பாதுகாப்பு முதன்மையானது

வாடிக்கையாளர் சேவைப் பணிக்கான தேர்வில் தேர்வாளர் ஒருவர் கோபமுற்ற வாடிக்கையாளராக நடிப்பார். கட்டணம் கூடிவிட்டது என்பார். பலமுறை அழைத்தும் பயனில்லை என்பார். இங்கே பொறுமையாகக் கேட்டல், பிரச்சினையைத் தம் சொற்களில் திரும்பக் கூறி உறுதிசெய்தல், அடுத்து நடக்கப்போவதைத் திட்டவட்டமாகக் கூறுதல் ஆகியவற்றுக்கு மதிப்பெண் உண்டு. முறைப்பாடு எட்டு வாரங்களுக்குள் தீராவிட்டால் வாடிக்கையாளர் எரிசக்திக் குறைகேள் அதிகாரியிடம் செல்லலாம் என்ற விதியை அறிந்திருப்பது நன்று.

சில நிறுவனங்கள் இவ்வுரையாடலின் நடுவே ஒரு சோதனையை வைக்கின்றன. கட்டணம் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் "வாடிக்கையாளர்", சமையலறையில் எரிவாயு வாடை வீசுவதாகவும் போகிற போக்கில் கூறுவார். பணிவாகவும் ஒழுங்காகவும் நடக்க வேண்டும் என்று எண்ணும் விண்ணப்பதாரர் கணக்கிலக்கத்தையும் முகவரியையும் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். அந்த இடத்திலேயே அவர் தவறிவிடுகிறார். சரியான செயல், கட்டணப் பேச்சை உடனே நிறுத்துவதாகும். கதவு சன்னல்களைத் திறக்கும்படியும், மின் ஆளிகளைத் தொடாமலும் நெருப்பு மூட்டாமலும் இருக்கும்படியும், மீற்றர் நிலவறையில் இல்லாவிட்டால் அதன் அருகிலுள்ள வால்வை மூடும்படியும், வெளியே சென்று 0800 111 999 என்ற அவசர எண்ணை அழைக்கும்படியும் கூற வேண்டும். மின்தடை பற்றிய அழைப்பாயின் வலையமைப்பு நிறுவனத்தை அடைவதற்கான இலவச எண் 105 ஆகும்.

முதியோர், மாற்றுத்திறனாளிகள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள குடும்பத்தினர், ஆங்கிலம் நன்கு பேசவோ வாசிக்கவோ இயலாதோர் ஆகியோருக்காக முன்னுரிமைச் சேவைப் பதிவேடு ஒன்று உண்டு. அதில் பதிவுசெய்வது இலவசம். நடிப்பவர் தம் தாயார் மூச்சுக்கருவியில் இருப்பதாகக் கூறினால், அப்பதிவேட்டை நினைவூட்டுபவரே அவ்வுரையாடலின் நோக்கத்தை உணர்ந்தவர். தமிழ்க் குடும்பங்களில் பெற்றோருக்காக நிறுவனங்களை அழைத்துப் பேசிப் பழகிய இளையோருக்கு இந்த அனுபவம் ஏற்கெனவே உண்டு. அதை நேர்காணலில் எடுத்துக்காட்டாகக் கூறுவது முற்றிலும் பொருத்தமானது.

"நாங்கள் செய்தோம்" என்னும் பதில்

தன்னைத் தானே புகழ்வது பண்பன்று என்று கற்றுக்கொடுக்கப்பட்ட சமூகத்தில் வளர்ந்தவருக்கு, "நான் இதைச் செய்தேன்" என்று கூறுவது கூச்சத்தைத் தரும். "நாங்கள் எல்லாரும் சேர்ந்து செய்தோம்", "மேலதிகாரியின் வழிகாட்டலில் நடந்தது", "அது என் கடமை" என்று பதில்கள் அமைகின்றன. தேர்வாளரின் தாளில் விண்ணப்பதாரர் தாமே செய்தவற்றுக்கு மட்டுமே இடம் உண்டு. கூறப்படாததற்கு அவர் மதிப்பெண் வழங்க இயலாது.

பிரித்தானியப் பெருநிறுவனங்களில் பெரும்பாலான கேள்விகள் "நீங்கள் ஒரு பிரச்சினையைத் தீர்த்த சந்தர்ப்பத்தைக் கூறுங்கள்" என்ற வடிவில் வரும். இவற்றுக்குப் பதிலளிக்க ஸ்டார் எனப்படும் முறை பரிந்துரைக்கப்படுகிறது. நிலைமை, பணி, செயல், விளைவு என்பன அதன் நான்கு பகுதிகள். செயலுக்கே மிகுதியான நேரம் ஒதுக்கப்பட வேண்டும்.

எடுத்துக்காட்டாக, யாழ்ப்பாணத்தில் மின்னியலாளராக இருந்து, இங்கே பல்பொருள் கடையொன்றில் பணிபுரியும் ஒருவரைக் கருதலாம். இக்கேள்விக்கு அவர், "கடையில் குளிரூட்டி பழுதானது, நாங்கள் சரிசெய்தோம்" என்று கூறினால் மதிப்பெண் குறைவு. அதே நிகழ்வைப் பின்வருமாறு கூறலாம்: "சனிக்கிழமை இரவு பாலுணவுக் குளிரூட்டி நின்றுவிட்டது. உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தார். பொருள்களைக் காப்பதும் எவருக்கும் ஆபத்து நேராமல் பார்ப்பதும் என் பொறுப்பு. நான் முதலில் வெப்பநிலையைக் குறித்தேன். பாலுணவை மற்றைய குளிரூட்டிக்கு மாற்றினேன். மின்சுற்று மீண்டும் மீண்டும் துண்டிக்கப்படுவதைக் கண்டதும் அதைத் தொடர்ந்து இயக்க முயலாமல் நிறுத்திவைத்து, எச்சரிக்கைத் தாள் ஒட்டி, திருத்துநரை அழைத்தேன். பொருள் எதுவும் வீணாகவில்லை. அதன்பின் நாள்தோறும் வெப்பநிலையைக் குறிக்கும் பதிவேட்டை ஏற்படுத்தினேன்."

இரண்டாம் பதிலில் பொய்யோ தற்புகழ்ச்சியோ இல்லை. நடந்தது நடந்தபடியே, செய்தவர் பெயரில் கூறப்படுகிறது. இத்தகைய நிகழ்வுகள் ஐந்து அல்லது ஆறினை முன்கூட்டியே எழுதி, ஒவ்வொன்றையும் இரண்டு நிமிடங்களுக்குள் வாய்விட்டுக் கூறிப் பழகுதல் வேண்டும். கோயில் நிர்வாகம், தமிழ்ப் பாடசாலை, ஊர்ச்சங்கம் ஆகியவற்றில் ஆற்றிய தொண்டும் ஏற்கத்தக்க சான்றேயாகும்.

மேலதிகாரி ஆபத்தான வேலையைச் செய்யச் சொன்னால்

களப்பணிக்கான தேர்வுகளில் தவறாது வரும் கேள்வி இது. "முகாமையாளர் நேரமில்லை என்று கூறி, மின்சாரத்தைத் துண்டிக்காமல் வேலையை முடிக்கச் சொல்கிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்?" பெரியவர் சொல்லைத் தட்டாமை நற்பண்பு என்று கருதும் விண்ணப்பதாரர், "அனுபவம் உண்டு, கவனமாகச் செய்து முடிப்பேன்" என்கிறார். தேர்வாளருக்கு அது மிகவும் கவலையளிக்கும் பதில்.

எதிர்பார்க்கப்படும் பதில் தெளிவானது: வேலையை நிறுத்துவேன், காரணத்தை மரியாதையுடன் கூறுவேன், பாதுகாப்பான வழியை முன்வைப்பேன், தேவையெனில் பாதுகாப்பு அதிகாரிக்கு அறிவித்துப் பதிவுசெய்வேன். 1974 ஆம் ஆண்டின் தொழில் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டம், தம்மையும் பிறரையும் காக்கும் கடமையைப் பணியாளர் மீதும் சுமத்துகிறது. 1989 ஆம் ஆண்டின் மின்சாரப் பணி ஒழுங்குவிதிகள், மின்னோட்டமுள்ள கம்பியில் வேலைசெய்வதை மிக அரிதான சந்தர்ப்பங்களில் மட்டுமே அனுமதிக்கின்றன. உடனடியான பெரும் ஆபத்திலிருந்து விலகிய பணியாளரைத் தண்டிப்பதற்கு எதிரான பாதுகாப்பு 1996 ஆம் ஆண்டின் தொழில் உரிமைகள் சட்டத்தில் உள்ளது.

செய்முறைத் தேர்வில் பாதுகாப்பான மின்துண்டிப்பைச் செய்துகாட்டச் சொல்வதுண்டு. சரியான சுற்றை இனங்காணல், துண்டித்தல், பூட்டிட்டு எச்சரிக்கை அட்டை தொங்கவிடல், மின்னழுத்தங்காட்டி இயங்குகிறதா எனச் சோதித்தல், சுற்றில் மின்னில்லை என உறுதிசெய்தல், மின்னழுத்தங்காட்டியை மீண்டும் சோதித்தல் என்பதே ஒழுங்கு. கடைசிப் படியை மறப்பவர்களே மிகப் பலர். கருவி இடையில் பழுதடைந்திருந்தால் "மின்னில்லை" என்ற முடிவு உயிரைப் பறிக்கும் என்பதாலேயே அப்படி உள்ளது.

வேலை வரலாற்றில் இடைவெளி

வீடுகளுக்குள் செல்லும் பணியாளர்களின் கடந்த கால வேலை வரலாற்றை நிறுவனங்கள் நுணுகிப் பார்க்கின்றன. போர், இடப்பெயர்வு, முகாம் வாழ்வு, புகலிட விண்ணப்பத்தின் முடிவுக்காகக் காத்திருந்த ஆண்டுகள் ஆகியவற்றால் இடைவெளி ஏற்பட்டோர் தமிழரிடையே உள்ளனர். அவ்விடைவெளியை மறைப்பதற்காகத் தேதிகளை மாற்றி எழுதுவது பெருந்தவறு. பின்னர் சரிபார்க்கையில் முரண்பாடு தெரிந்தால், வழங்கிய வேலையும் திரும்பப் பெறப்படலாம்.

இதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. புகலிடம் கோரிக் காத்திருப்போருக்குப் பொதுவாக வேலைசெய்ய அனுமதி இல்லை. ஆகவே, "அக்காலத்தில் எனக்கு வேலைசெய்யச் சட்ட அனுமதி இருக்கவில்லை, ஆங்கில வகுப்புக்குச் சென்றேன், தொண்டுப்பணி செய்தேன்" என்ற ஓரிரு வாக்கியங்கள் போதும். துன்புறுத்தப்பட்ட கதையையோ குடும்ப இழப்புகளையோ தேர்வாளர் முன் விவரிக்க வேண்டிய கடப்பாடு எவருக்கும் இல்லை. பிள்ளைகளை வளர்ப்பதற்காக வேலையை விட்டிருந்த பெண்களும் அதை நேரடியாகக் கூறலாம்.

வெளிநாட்டுத் தகைமைகள்

தாயகத்தில் பெற்ற பட்டமோ சான்றிதழோ இங்கே செல்லாது என்று எண்ணி, அதை விண்ணப்பத்தில் குறிப்பிடாதோரும் உண்டு. இது தம் தகுதியைத் தாமே குறைத்துக்கொள்வதாகும். யூகே எனிக் என்ற தேசிய அமைப்பு, வெளிநாட்டுத் தகைமை பிரித்தானியாவின் எந்நிலைக்கு ஒப்பானது என்று கட்டணம் பெற்றுச் சான்று வழங்குகிறது. பொறியியற் பட்டங்களைப் பொறுத்தவரை, இலங்கையும் இந்தியாவும் 2014 முதல் வாஷிங்டன் உடன்பாட்டின் முழு உறுப்பு நாடுகளாக உள்ளன. அவ்வுடன்பாட்டின் கீழ் அங்கீகாரம் பெற்ற பட்டத்தை உடையோர், பட்டயப் பொறியியலாளர் நிலைக்கு விண்ணப்பிக்கையில் அதைச் சுட்டிக்காட்டலாம்.

இலங்கை, இந்தியா, பிரித்தானியா ஆகிய மூன்று நாடுகளிலும் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்ற தரத்திலேயே வழங்கப்படுகிறது. அடிப்படைத் தொழிலறிவு மாறுவதில்லை, விதிகளே மாறுகின்றன. எனவே இங்குள்ள மின்னிணைப்பு விதித்தொகுப்பான பி.எஸ். 7671 இன் நடப்புப் பதிப்பைக் கற்றுத் தேர்வெழுதியவர், தம் பழைய அனுபவத்தையும் நம்பிக்கையோடு முன்வைக்கலாம். எரிவாயு வேலைக்கு விதி கடுமையானது. 2009 இல் தொடங்கிய கேஸ் சேஃப் பதிவேட்டில் இடம்பெறாதவர் வீடுகளில் தொழிலாக எரிவாயு வேலை செய்வது சட்டவிரோதம். தொழிற்பயிலுநராகச் சேர இங்கிலாந்தில் பொதுவாக மேல் வயதெல்லை இல்லை என்பதால், நாற்பது வயதிலும் இத்துறைக்குள் நுழைய வழி உண்டு.

களப்பணிக்கு ஓட்டுநர் உரிமம் இன்றியமையாதது. இலங்கை, இந்திய உரிமங்களைக் கொண்டு, இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதங்கள் மட்டுமே வாகனம் ஓட்டலாம். அவற்றைப் பிரித்தானிய உரிமமாக மாற்றிக்கொள்ள இயலாது. தேர்வெழுதியே பெற வேண்டும். இதை இறுதி வாரத்தில் அறிந்து வேலையை இழந்தோர் உள்ளனர்.

கேட்கக் கூடாத கேள்விகள்

2010 ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், இனம், மதம், பால், வயது, மாற்றுத்திறன், கருத்தரிப்பு உள்ளிட்ட ஒன்பது இயல்புகளின் அடிப்படையில் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்கிறது. நிறம், தேசியம், இனவழித் தோற்றம் ஆகிய மூன்றும் இனம் என்பதற்குள் அடங்கும். "பிள்ளை பெறும் எண்ணம் உண்டா?", "கணவர் இரவுப்பணிக்கு அனுமதிப்பாரா?" போன்ற கேள்விகளுக்குப் பதிலளிக்க வேண்டியதில்லை. "இப்பணிக்குரிய நேர அட்டவணைப்படி என்னால் பணியாற்ற முடியும்" என்று கூறி அடுத்த கேள்விக்குச் செல்லலாம்.

வேலை வழங்குவதாக அறிவிக்கும் முன் உடல்நலம் பற்றிப் பொதுவாக விசாரிப்பதையும் அதே சட்டம் கட்டுப்படுத்துகிறது. நேர்காணலுக்குத் தேவையான வசதிகளை அறிவதற்காகவோ, ஏணி ஏறுதல் போன்ற பணியின் இன்றியமையாத செயலொன்றைச் செய்ய முடியுமா என்று அறிவதற்காகவோ கேட்கலாம். மாற்றுத்திறன் உடையவர் கூடுதல் நேரம், படியற்ற நுழைவாயில் போன்ற நியாயமான மாற்றங்களைக் கோரலாம். மாற்றுத்திறனாளரை வரவேற்பதாக அரச திட்டத்தின் கீழ் உறுதியளித்த நிறுவனங்கள், குறைந்தபட்சத் தகுதியுடைய மாற்றுத்திறனாளருக்கு நேர்காணல் வழங்க முன்வருகின்றன.

ஆவணங்கள்

வேலைசெய்யும் உரிமையைச் சரிபார்ப்பது தொழில்தருநரின் கடமை. உரிமையற்ற ஒருவரை அமர்த்தினால் முதன்முறையிலேயே 45,000 பவுண் வரை தண்டம் விதிக்கப்படலாம். ஆகவே இக்கேள்வியை அவமதிப்பாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் இது எல்லா விண்ணப்பதாரரிடமும் ஒரே வகையில் கேட்கப்பட வேண்டும்; தோற்றத்தையோ பெயரையோ பார்த்துச் சிலரிடம் மட்டும் கேட்பது பாகுபாடாகும்.

பிரித்தானியக் குடியுரிமை உடையவர் கடவுச்சீட்டைக் காட்டலாம். மின்னியல் விசா உடையவர் அரச இணையத்தளத்தில் பகிர்வுக் குறியீடு ஒன்றைப் பெற்றுத் தர வேண்டும். அது 90 நாள்களுக்குச் செல்லும். முன்னர் பயன்பட்ட உயிர்க்குறி வதிவிட அட்டை இப்போது வேலை உரிமைக்குச் சான்றாக ஏற்கப்படுவதில்லை. எனவே நேர்காணலுக்கு முன்பே தம் இணையக் கணக்குக்குள் நுழைந்து, பெயரும் கடவுச்சீட்டு இலக்கமும் சரியாக உள்ளனவா என்று பார்த்தல் வேண்டும். தமிழ்ப் பெயர்களில் தந்தை பெயரும் இடுபெயரும் இடம்மாறிப் பதிவாவது அடிக்கடி நேர்வதால், எல்லா ஆவணங்களிலும் பெயர் ஒன்றுபோல இருப்பதை உறுதிசெய்வது முக்கியம்.

போலி வேலைவாய்ப்புகள்

எரிசக்தி நிறுவனங்களின் பெயரையும் இலச்சினையையும் பயன்படுத்திப் பணம் பறிப்போர் உள்ளனர். குறுஞ்செய்தி வழியாக மட்டும் நேர்காணல் நடத்தி, உடனே வேலை வழங்குவதாகக் கூறி, பயிற்சி, சீருடை, குற்றப்பதிவுச் சோதனை என்ற பெயர்களில் முற்பணம் கேட்பர். வேலை தேடித் தருவதற்காக வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்குவதை 1973 ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு முகவர் சட்டம் தடைசெய்கிறது. நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்தில் அந்த வேலை உள்ளதா என்று பார்க்காமல் கடவுச்சீட்டுப் படியையோ வங்கி விவரங்களையோ அனுப்பலாகாது. ஏமாற்றப்பட்டவர் முதலில் தம் வங்கிக்கும், பின்னர் 0300 123 2040 என்ற எண்ணிலுள்ள தேசிய மோசடி முறைப்பாட்டுச் சேவைக்கும் அறிவிக்க வேண்டும்.

விண்ணப்பதாரர் கேட்க வேண்டியவை

நேர்காணலின் முடிவில் "கேள்விகள் உண்டா?" என்று கேட்பார்கள். "இல்லை" என்பது ஆர்வமின்மையாகக் கொள்ளப்படும். அழைப்புக்காகக் காத்திருக்கும் இரவுகளுக்குக் கொடுப்பனவு உண்டா, வாகனமும் கருவிகளும் யார் பொறுப்பு, பயிற்சிக் காலத்தில் முழுச் சம்பளமா என்பன பயனுள்ள கேள்விகள். பயிற்சியின் பின் குறித்த காலத்துக்குள் விலகினால் செலவைத் திருப்பிச் செலுத்த வேண்டும் என்ற விதி சில ஒப்பந்தங்களில் இருக்கும். கையொப்பமிடும் முன் அத்தொகையையும் காலத்தையும் எழுத்தில் பெற வேண்டும்.

தெரிவாகாதபோது

தெரிவாகாதவர் மின்னஞ்சல் மூலம் பின்னூட்டம் கேட்கலாம். நிறுவனம் அதை வழங்கக் கட்டாயமில்லை. ஆயினும் பல நிறுவனங்கள் வழங்குகின்றன. தம்மைப் பற்றித் தேர்வாளர் எழுதிய குறிப்புகளின் படியைத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கோரும் உரிமையும் உண்டு. அதற்குப் பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதிலளிக்கப்பட வேண்டும். எந்தக் கேள்வியில் மதிப்பெண் குறைந்தது என்று தெரிந்துகொண்டால், அடுத்த தேர்வுக்கு அதுவே சிறந்த வழிகாட்டி.

பாகுபாடு காட்டப்பட்டதாகக் கருதுபவர் நடந்த தேதி, நேரம், கேட்கப்பட்ட சொற்கள் ஆகியவற்றை அன்றே எழுதிவைக்க வேண்டும். தொழில் தீர்ப்பாயத்துக்குச் செல்வதற்கான கால எல்லை குறுகியது. அதற்கு முன் ஏகாஸ் அமைப்புக்கு அறிவிப்பதும் கட்டாயம். எனவே காலம் தாழ்த்தாமல் ஆலோசனை பெறுதல் அவசியம்.

இலவச உதவி

• தேசியத் தொழில் வழிகாட்டல் சேவை: 0800 100 900. விண்ணப்பம் எழுதவும் நேர்காணலுக்குப் பயிற்சி பெறவும் உதவும்.

• ஏகாஸ் உதவி எண்: 0300 123 1100. தொழில் உரிமைகள் பற்றிய ஆலோசனை.

• சமத்துவ ஆலோசனை ஆதரவுச் சேவை: 0808 800 0082. பாகுபாடு பற்றிய ஆலோசனை.

• வேலைவாய்ப்பு மையம்: உதவிக்கொடுப்பனவு பெறுவோர் தம் பணிப் பயிற்றுநரிடம் நேர்காணலுக்கான பயணச் செலவு, உடை ஆகியவற்றுக்கு உதவி கேட்கலாம்.

• உள்ளூர் நூலகமும் முதியோர் கல்வி நிலையமும்: கணினி வசதி, ஆங்கில வகுப்புகள்.

தொலைபேசியில் ஆங்கிலத்தில் பேசத் தயங்குவோர், அழைத்தவுடன் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று முதலில் கேட்கலாம். இச்சேவைகளைப் பயன்படுத்துவது குடிவரவு நிலையையோ உதவிக்கொடுப்பனவையோ பாதிக்கும் என்று அஞ்சிப் பலர் விலகியிருக்கின்றனர். ஆலோசனை கேட்பதால் அத்தகைய பாதிப்பு எதுவும் இல்லை.